கப்பலின் அடிவயிற்றில் ஒரு காது

1768-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் முன் ஒரு புகார் வந்தது. இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போகும் தபால் கப்பல்கள், சரக்குக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதமாகச் சேர்கின்றன, ஏன்? வட அமெரிக்கத் தபால் துறையைக் கவனித்துவந்த அவர், நான்டக்கெட் தீவைச் சேர்ந்த தம் உறவினர் திமோத்தி ஃபோல்கரிடம் கேட்டார். ஃபோல்கர் திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர். திமிங்கிலங்கள் வளைகுடா நீரோட்டத்தின் ஓரங்களில்தான் திரியும். வேட்டைக்காரர்களுக்கு அந்த ஓரம் அத்துப்படி. தபால் கப்பல்களோ ஓட்டத்தின் நடுவே எதிர்நீச்சல் போட்டன. விலகிப் போங்கள் என்று சொன்னாலும் மாலுமிகள் காதில் வாங்கவில்லை. ஃபோல்கர் வரைந்து காட்டியதை பிராங்க்ளின் வரைபடமாக அச்சிட்டார்.

அன்று நீரோட்டத்தை அளக்கக் கணக்குதான் கருவி. ஓடிய வேகத்தையும் திசையையும் வைத்து, கப்பல் இங்கே இருக்க வேண்டும் என்று ஒரு புள்ளி. சூரியனைப் பார்த்து உண்மையில் இருக்கும் இடத்துக்கு இன்னொரு புள்ளி. இடையிலுள்ள தூரம் கடல் இழுத்தது. ஒரு நாளுக்கு ஒரே விடை, அதுவும் மேல்மட்டத்துக்கு மட்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எக்மன் என்ற கடலியலாளர் செய்த கருவி ஆழத்துக்குள் இறங்கியது. ஆனால் அதற்காகக் கப்பலை நிறுத்த வேண்டும்.

இன்று கப்பல் நிற்பதில்லை. நியூஜெர்சிக்கும் பெர்முடாவுக்கும் இடையே வாராவாரம் ஓடும் ஓலியாண்டர் என்ற பெயருள்ள சரக்குக் கப்பல்கள், 1992 முதல் அதே வளைகுடா நீரோட்டத்தை அளந்துவருகின்றன. அடிப்பாகத்தில் பொருத்திய ஏ.டி.சி.பி. என்ற கருவி ஒலித்துடிப்புகளை அனுப்பும். நீரோடு மிதந்து போகும் சிற்றுயிர்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி மாறியிருக்கும். விலகிப் போகும் ரயிலின் ஊதல் இறங்கிக் கேட்பதுபோல. அந்த மாற்றம் ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் வேகத்தைச் சொல்லிவிடும்.

எந்தக் கருவியை வாங்குவது என்பதுதான் இன்றைய தலைவலி. 300 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் ஒலிக்கும் கருவி ஏறத்தாழ 100 மீட்டர் ஆழம் எட்டும். ஆற்றுக்கும் கரையோரத்துக்கும் அது போதும். அலைவெண் குறையக் குறைய ஆழம் கூடும், நுணுக்கம் குறையும், கருவியும் பெரிதாகும். ஓலியாண்டரில் முதலில் இருந்தது 150 கிலோஹெர்ட்ஸ் கருவி. 2005-இல் 75-க்கு மாறினார்கள், 600 மீட்டர் வரை எட்டலாம் என்பதால்.

அதோடு முடியவில்லை. சரக்கு குறைந்து கப்பல் மேலே மிதந்தால், அலையில் எழும் காற்றுக்குமிழிகள் அடியில் புகுந்து ஒலியை மறைத்துவிடும். திசைகாட்டியில் ஒரே ஒரு பாகை பிழை போதும்: நொடிக்கு 8 மீட்டர் ஓடும் கப்பலில், இல்லாத நீரோட்டம் ஒன்று நொடிக்கு 14 சென்டிமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதாகக் காட்டும். ஆகவே கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை நல்ல திசைகாட்டிக்கு வையுங்கள். பொருத்தும் இடத்தை, அந்தக் கப்பலில் பல காலம் ஓடிய மாலுமியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். குமிழி எங்கே புரளும் என்பது விலைப்பட்டியலில் இருக்காது. பிராங்க்ளின் ஃபோல்கரைக் கேட்டதும் அதனால்தான்.