தங்கவயல் செடிகொடிகள் – 11: கண்வலிப்பூ

கண்வலிப்பூவை உற்றுப் பார்த்தால் கண்ணு வலிக்கும் என்று வட ஆற்காட்டில் பிள்ளைகளை மிரட்டுவார்கள். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் குடியேறிய தமிழர்களில் ஏராளமானோருக்குப் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். மூட்டை முடிச்சோடு இந்த மிரட்டலும் வந்திருக்கும். பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. கிழங்கு வாய்க்குள் போனால்தான் ஆபத்து.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் இது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலில் நிற்பது. ஈழத்தில் கார்த்திகைப்பூ; நவம்பர் 27 மாவீரர் நாளையும் இந்தப் பூவையும் அங்கே பிரித்துப் பார்க்க முடியாது. கௌரி பண்டிகைச் சமயத்தில் பூப்பதால் கன்னடத்தில் கௌரி ஹூ. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேக்கு இதுவே தேசிய மலர். அந்த நாடு தென் ரொடீசியாவாக இருந்தபோது, 1947ல், இளவரசி எலிசபெத்துக்குக் கிடைத்த பிறந்தநாள் பரிசு இந்தப் பூவின் வடிவில் செய்த வைர புரூச்.

சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேடுகளில் இதைத் தேடி அலைய வேண்டாம். அரைத்த பாறைத்தூள் இதற்கு ஒத்துவராது. வேண்டியது தண்ணீர் நிற்காத செம்மண், ஏறிப் பிடிக்க ஒரு புதர், சுற்றிலும் கொஞ்சம் புல். காமசமுத்திரம், பிசாநத்தம் பக்கம் ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கிறதே புதர்க்காடு, அந்த மாதிரி இடம்.

கோடையில் மண்ணுக்கு மேல் தடயமே இருக்காது. மழை இறங்கியதும் கிழங்கிலிருந்து தண்டு கிளம்பும். பற்றி ஏறுவதற்கென்று தனி உறுப்பு கிடையாது; இலையின் நுனியே நீண்டு சுருண்டு, பக்கத்தில் இருக்கும் குச்சியைச் சுற்றிக்கொள்ளும். பூ தலைகீழாகத் தொங்கும், ஆனால் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி நிற்கும். ஓரமெல்லாம் நெளி. விரியும்போது பச்சை. பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும் ஏறி, கடைசியில் முழுக்கச் சிவந்துவிடும். ஒரே கொடியில் எல்லா வயதுப் பூவும் தொங்குவதால் இரண்டு மூன்று ஜாதிப் பூ என்று நினைக்கத் தோன்றும். மகரந்தத் தாள்கள் ஆறும் பக்கவாட்டில் விரிந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடங்கி வேறு திசையில் விலகி நிற்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்கச் செடி கண்டுபிடித்த வழி.

இலையைப் புரட்டினால் கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு இருக்கலாம். ஆடு மாட்டுக்கு ஆகாத இலையை அது நிம்மதியாகத் தின்னும். பிற்பாடு சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகச் சிறகு கொண்ட அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடும்.

விஷத்தின் பெயர் கோல்கிசின். பிரியும் செல்லுக்குள் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிழைகளை உருவாக விடாமல் தடுப்பது இதன் வேலை. பிரிவு பாதியிலேயே நின்றுவிடும். விதையில்லாத் தர்ப்பூசணி உருவானதே இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, குரோமோசோமை இரட்டிப்பாக்கித்தான். மனித உடம்பிலும் அதே வேலைதான். முதல் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. சாதாரண வயிற்றுக்கோளாறு என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டும். மாற்று மருந்து கிடையாது. சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் உண்டு. தெரிந்தே தின்றவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதைவிட அதிகம். வேலியோரத்தில் சும்மா கிடைக்கிற விஷம் என்பதுதான் காரணம்.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை யாருடைய எழுத்துகளை நூல்களாக்கியதோ, அந்த அயோத்திதாசர் தொழிலால் சித்த வைத்தியர். அந்த வைத்திய மரபில் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்துவது ஒரு முறை. அலோபதியில் கோல்கிசின் கௌட் எனும் மூட்டுவாதத்துக்கு நெடுங்கால மருந்து. மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் சிறிய அளவில் கொடுக்கலாம் என்று 2023ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. கிழங்கைவிட விதையில் கோல்கிசின் கூடுதல். மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் கிளுவை நட்டு, கம்பி இழுத்து, இதை ஏற்றிவிட்டு விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். விலகி நிற்கும் அந்தச் சூல்தண்டு வைக்கும் கூலிச் செலவு இது.

இங்கேதான் எனக்குச் சுரங்கம் ஞாபகத்துக்கு வருகிறது. தங்கவயலில் பாறையை மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தார்கள். விஷத்தைக் கொண்டு பொன்னை எடுத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டி, 28 பிப்ரவரி 2001 அன்று மூடினார்கள். தங்கம் போன இடம் வேறு. மேடும் தூசியும் ஊருக்கு. கண்வலிப்பூவில் விஷமே பொன். ஆனால் தோண்டும் பழக்கம் மட்டும் மாறவில்லை. தோட்டம் போடுவதற்கான நடவுக் கிழங்கில் பெரும்பகுதி காடுகளிலிருந்தே பெயர்த்து வந்தது. விதையைப் பறித்தால் கொடி அடுத்த மழைக்கும் வரும். கிழங்கைப் பெயர்த்தால் அந்தப் புதரில் அத்தோடு சரி. காட்டுக் கிழங்கு வாங்குவதையும் விற்பதையும் நிறுத்தாமல் மாநில மலர் என்று பெருமை பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

விடிவதற்கு முன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஊர் இது. அதனால் ‘நம்ம செம்மண்ணுல இதைப் போட்டா என்ன?’ என்ற கேள்வி நியாயமானது. மண் ஒத்துவரும். முதலீடு பெரிது, விலையோ ஏற்றுமதிக்காரர் சொல்வதுதான். ஒரு வருஷம் ஏறும், மறு வருஷம் பாதியாகும். இறங்குவதென்றால் பக்கத்துத் தோட்டத்தில் பெருகிய கிழங்கா என்று கேட்டு வாங்குங்கள். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கின் ஒவ்வொரு நுனியிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும், தொட்டால் முறியும். அது முறிந்த கிழங்கு முளைக்காது. சாக்கில் குலுங்கி வந்த சரக்கைத் தொடாதீர்கள்.