போர்முனையில் சாகாதவன்

ஒரு நாவலின் முடிவை அதன் ஆசிரியையே மாற்றி எழுத நேர்ந்த கதையை இன்று சொல்ல விழைகின்றேன். அவர் அவுஸ்திரேலிய நாவலாசிரியை கத்தரின் சுசானா பிரிச்சார்ட். கதையின் நாயகனோ அவருடைய கணவர் ஹியூகோ த்ரொசல்.

மேற்கு அவுஸ்திரேலியாவின் நோர்தாம் என்னும் ஊரில் 1884இல் பிறந்தவர் ஹியூகோ. தந்தையார் அம்மாநிலத்தின் முதல்வராகவும் இருந்தவர். எனினும் மைந்தர் நாடியது மண்ணையே. அண்ணன் ரிக்குடன் கவ்கவிங் என்னுமிடத்தில் காடு திருத்திக் கோதுமை பயிரிட்டார். வானம் பொய்த்தது. 1914இல் போர் மூளவே சகோதரர் இருவரும் பத்தாவது குதிரைப்படையிற் சேர்ந்தனர்.

1915 ஓகஸ்டில் கலிப்பொலியில் "குன்று 60" எனப்பட்ட மேட்டிலே பதுங்குகுழி ஒன்றைக் காக்கும் பொறுப்பு ஹியூகோவுக்கு. துருக்கியர் வீசிய குண்டுகளை வெடிக்குமுன் எடுத்துத் திருப்பி எறிந்தனர் அவரது வீரர்கள். கடுங்காயமுற்றும் அவர் இடம்விட்டு அகலவில்லை. பிரித்தானியப் பேரரசின் அதியுயர் வீரவிருதான விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது. சிகிச்சைக்காக லண்டன் சென்றபோதுதான் கத்தரினைச் சந்தித்தார்.

1917 ஏப்ரலில் காசாவில் நடந்த சமரில் அண்ணன் ரிக் வீழ்ந்தார். அன்றிரவு எதிரியின் சூட்டுக்கிடையே தவழ்ந்து சென்ற ஹியூகோ, சிறுவயதில் இருவரும் பழகிய சீழ்க்கையொலியை எழுப்பி எழுப்பித் தேடினார். பதில் வரவில்லை. விழுப்புண் ஆறிவிடும், இந்தப் புண் ஆறவில்லை.

1919இல் கத்தரினை மணந்தார். அவ்வாண்டே சொந்த ஊரில் நடந்த சமாதான விழாவில், போர் தன்னைப் பொதுவுடைமைக் கொள்கையினனாக்கிவிட்டது என்று பேசினார். வீரனைப் போற்றக் கூடிய சபை திகைத்தது. பின்னர் நிலக் கொள்வனவில் இறங்கிக் கடனில் மூழ்கினார். 1933இல் மனைவி சோவியத் நாடு சென்றிருந்த வேளை, நவம்பர் 19ஆம் திகதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். போரின் பாதிப்பிலிருந்து தாம் மீளவேயில்லை என்றும், மனைவிக்கும் மகனுக்கும் போர் ஓய்வூதியம் வழங்கவேண்டும் என்றும் எழுதிவைத்திருந்தார். இராணுவ மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

கத்தரின் பயணம் புறப்படுமுன் எழுதி வீட்டில் வைத்திருந்த நாவலொன்றில் கணவன் பாத்திரம் தற்கொலை செய்துகொள்கிறது! அதைக் கணவர் படித்திருப்பாரோ என்ற அச்சம் அவரை வாட்டியது. முடிவை மாற்றியே 1937இல் "நெருங்கிய அந்நியர்" என்ற பொருள்படும் தலைப்பில் அந்நாவலை வெளியிட்டார்.

எழுத்துத்தான் அவரைக் கொன்றது என்று நான் கருதவில்லை. கடனும் போர் நினைவுகளும் அவரை அரித்திருந்தன. வாழ்வைக் கூர்ந்து நோக்கும் படைப்பாளி, அருகிலிருப்பவர் சொல்லாத துயரையும் உணர்ந்து எழுதிவிடுகிறார். ஆனால் உணர்ந்ததாலேயே காப்பாற்றிவிட முடிவதில்லை.

இறந்த பெரியப்பாவின் பெயரையே தாங்கிய மகன் ரிக், 1980களில் தந்தையின் பதக்கத்தை அணுவாயுத எதிர்ப்பு இயக்கமொன்றுக்கு அளித்தார். முன்னாள் படைவீரர் சங்கம் அதை விலைக்கு வாங்கி, கன்பராவிலுள்ள போர் நினைவகத்திற்கு வழங்கியது. வீரத்தின் சின்னம் சமாதானத்திற்குப் பொருள் தேடித் தந்தது. நோர்தாம் சபையில் ஹியூகோ பேசியதை அவர் மகன் மறக்கவில்லை.