வழக்கு இழுத்தால் விடுதலையா?

“கேசைத் தள்ளிட்டாங்களாம்” என்று காப்பிக்கடையில் பேச்சு வந்தால் அடுத்த கேள்வி, ஆள் தப்பிவிட்டாரா என்பதுதான். எப்போதும் இல்லை.

வழக்கு இழுப்பதாலேயே குற்றச்சாட்டு கரைந்துவிடாது. இந்தியாவில் 2001இல் வெடித்த டெஹல்கா ஆயுத பேர லஞ்ச விவகாரத்தில், ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் எஸ்.பி. முர்காய்க்கு 2020இல்தான் 4 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

நம் பினாங்கில் நடந்தது வேறு. பங்களா வழக்கில் 2016இல் குற்றஞ்சாட்டப்பட்ட லிம் குவான் எங்கை, அரசு தரப்பு வழக்கை மீட்டுக்கொண்டதும், 2018 செப்டம்பர் 3இல் உயர் நீதிமன்றம் முழுமையாக விடுதலை செய்தது. அதே குற்றச்சாட்டை மறுபடி சுமத்த முடியாது.

மூன்றாவது ரகம்தான் குழப்புகிறது. நஜிப், முன்னாள் கருவூலத் தலைமைச் செயலாளர் இர்வான் செரிகார் மீதான 660 கோடி வெள்ளி நம்பிக்கை மோசடி வழக்கு 2018 அக்டோபரில் தொடங்கியது. விசாரணைக்கு முன்பே தரவேண்டிய ஆவணங்கள் ஆறு ஆண்டுகளாகியும் முழுமையாக வரவில்லை என்று எதிர்தரப்பு முறையிட்டது. 2024 நவம்பர் 27இல் கிடைத்தது ‘டிஎன்ஏஏ’. அதாவது விடுவிப்பு, குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அல்ல. ஆவணங்கள் தயாரானால் மீண்டும் குற்றஞ்சாட்டலாம்.

நஜிப் அன்று வீட்டுக்கும் போகவில்லை. எஸ்ஆர்சி வழக்கின் தண்டனைக்காகக் காஜாங் சிறைக்கே திரும்பினார்.