மருத்துவருக்கும் மறுதேர்வா?

சில நாட்களுக்கு முன் மன்னார்புரம் நாற்சந்தியில் பேருந்துக்காகக் காத்து நின்றேன். உடன் வந்த என் பேரன் கேட்டான்: "தாத்தா, பஸ்ஸுக்கெல்லாம் எப்.சி. பார்க்கிறார்களே, டாக்டர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாதா?" குறித்த காலத்திற்கு ஒருமுறை வண்டியைச் சோதித்துத் தகுதிச் சான்று வழங்குவதையே நாம் எப்.சி. என்கிறோம். பேரனின் கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கது அன்று. அதற்கு விடை தேடியதன் பயனே இன்றைய பேச்சு.

மருத்துவப் பட்டம் பெற்றவர், மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்த பிறகே தொழில் நடத்தலாம். சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1914-ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. தகுதி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதை அப்பதிவேடு காட்டும். ஆயினும், ஒருவர் ஒரு காலத்தில் தேர்ச்சி பெற்றார் என்பதற்கு மேல் அதனால் சொல்ல இயலாது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய அறிவும் கைத்திறனும் எந்நிலையில் உள்ளன?

ஓர் உதாரணம் கூறுகிறேன். இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமும் மிகுந்த அமிலமுமே காரணம் என்று நெடுங்காலம் கற்பித்து வந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், அப்புண்களுள் பெரும்பாலானவற்றிற்கு ஒருவகைப் பாக்டீரியாவே காரணம் என்று கண்டனர். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975-இல் பட்டம் பெற்று, அதன்பின் புத்தகத்தையே திறவாத ஒரு மருத்துவரை எண்ணிப் பாருங்கள். சில வார மருந்தில் தீரக்கூடிய நோய்க்கு அவர் ஆண்டுக்கணக்கில் பாலும் அமிலத்தைத் தணிக்கும் மருந்துமே சொல்லிக்கொண்டிருப்பார். அவர் கெட்டவர் அல்லர், கற்பதை நிறுத்திவிட்டவர்.

பிறரைச் சொல்வானேன்? 2006-இல் புளூட்டோ கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும், ஓராண்டுக் காலம் நான் ஒன்பது கோள்கள் என்றே வகுப்பில் சொல்லி வந்தேன். ஒரு மாணவன்தான் திருத்தினான். என் பிழையால் ஒரு மதிப்பெண் போயிருக்கும். மருத்துவரின் பிழையால் ஓர் உயிரே போகலாம். அனுபவம் கூடினால் தரமும் கூடும் என்பது நம் நம்பிக்கை. ஆனால், அமெரிக்க அறிஞர் சிலர் 62 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை இதற்கு நேர்மாறாகக் காட்டுவதை எடுத்துரைத்தது.

இதற்கு மருந்து என்ன? இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த நெறிமுறைகள், ஐந்தாண்டுகளில் 30 மணி நேரமேனும் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்கின்றன. நல்ல ஏற்பாடே. எனினும், கூட்டத்தில் அமர்ந்தவரெல்லாம் கற்றவர் ஆகிவிடுவாரா?

பள்ளியில் ஆண்டாய்வு நடக்கும் நாளை நினைத்துக்கொள்கிறேன். சுவரெல்லாம் புதுப் படங்கள். முன்வரிசையில் கெட்டிக்காரப் பிள்ளைகள். பதிவேடுகள் யாவும் ஒழுங்கு. மறுநாள் பள்ளி பழைய பள்ளியே! ஆனால், ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் வேறொரு முறை இருந்தது. ஒருவர் பாடம் நடத்த, உடன் பயில்வோர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்து, பிறகு நிறைகுறைகளை நேரில் எடுத்துரைப்பர். அன்று எனக்கு முகம் சிவந்தது உண்மை. என் பாடம் திருந்தியதும் உண்மை.

இங்கிலாந்து இவ்வுண்மையைப் பெருந்துயரின் வழியே கற்றது. பிரிஸ்டல் நகரில் குழந்தைகளுக்கு இருதய அறுவை செய்தவர்கள் முறையாகப் பட்டம் பெற்றவர்களே. ஆயினும் 1991 முதல் 1995 வரை, பிற இடங்களோடு ஒப்பிட, ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் 30 முதல் 35 பேர் அங்கே கூடுதலாக இறந்தனர் என்று 2001-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிற்று. இத்தகைய நிகழ்ச்சிகள் எழுப்பிய விவாதத்தின் விளைவாக, 2012 டிசம்பரில் அங்கே ஒரு முறை நடைமுறைக்கு வந்தது. மருத்துவர் ஆண்டுதோறும் தம் பணியைச் சக மருத்துவர் ஒருவருடன் ஆராய வேண்டும். நேர்ந்த தவறுகள், வந்த புகார்கள், நோயாளிகளின் கருத்து ஆகிய யாவும் அங்கே பேசப்படும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமம் உறுதி செய்யப்படும். இதனால் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர் உண்டு. காகித வேலை பெருகி நோயாளிக்குரிய நேரத்தைத் தின்கிறது என்று குறை கூறுவோரும் உண்டு. இரண்டையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு நெருங்கிய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. மகப்பேற்றின்போதோ அதனை ஒட்டியோ ஒரு தாய் இறந்தால், அம்மரணம் கோப்பில் மூடப்படுவதில்லை. மருத்துவர்கள் கூடி ஆராய்கின்றனர். மாவட்ட ஆட்சியர் நிலையில், இறந்தவரின் குடும்பத்தாரும் அழைக்கப்பட்டு விசாரணை நடைபெறுகிறது. இரத்தம் கிடைக்கத் தாமதமா? உயர் இரத்த அழுத்தம் கவனிக்கப்படவில்லையா? ஊர்தி வரவில்லையா? இவ்வாறு காரணம் தேடுகின்றனர். ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2004–06-இல் 111 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018–20-இல் 54 ஆகக் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர், 108 ஊர்தி முதலிய பல காரணங்கள் இதற்கு உண்டு; ஆயினும், எங்கே குறை என்று கேட்கும் வழக்கத்திற்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே, என் பேரனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "உண்டு தம்பி, ஆனால் வண்டிக்குப் பார்ப்பதுபோல் பார்த்தால் போதாது. வண்டி தன் பழுதைத் தானே சொல்லாது. மனிதன் சொல்ல வேண்டும். அஞ்சாமல் சொல்லும்படி நாம் அவனை வைத்திருக்க வேண்டும்."

மாணவர்களே! உங்களில் சிலர் மருத்துவர் ஆவீர்கள். எல்லோருமே ஒரு நாள் நோயாளியாக ஒரு மருத்துவர் முன் அமர்வீர்கள். பட்டம் என்பது கல்வியின் முடிவன்று என்பதை இருசாராரும் மறவாதிருப்போமாக.