தோட்டத் தாயும் எடுத்து வைத்த பாலும்

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் ஒன்றே போதுமான உணவு, தண்ணீரும் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமும் நமது சுகாதார அமைச்சும் இதனைத் தொடர்ந்து வலியுறுத்தி வருகின்றன. இதனைக் கேள்விப்படாத தாய்மார்கள் இன்று நம் தோட்டங்களில் அரியர். எனினும், இருள் பிரியுமுன் உளியும் வாளியுமாகப் பெரட்டுக்குச் சென்று, நண்பகல் கடந்து வீடு திரும்பும் ஒரு தாய் இதனை எவ்வாறு நிறைவேற்றுவது? குழந்தை குறைமாதத்தில் பிறந்தோ, அண்ணம் பிளவுபட்டோ, வேறு காரணத்தாலோ மார்பில் வாய் வைக்க மறுத்துவிட்டால் என்ன செய்வது? பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்து ஊட்டுவதே இவ்விரண்டு வினாக்களுக்கும் உரிய விடையாகும். கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களிலுள்ள தாய்மார்களை மனத்திற்கொண்டு இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் ஒரு கணக்கு. திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தின்படி, 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மகப்பேற்று விடுப்பு 60 நாள்களிலிருந்து 98 நாள்களாக உயர்த்தப்பட்டுள்ளது. இது பெரும் பேறுதான். ஆனால், 98 நாள் என்பது 14 வாரங்களே. ஆறு மாதம் நிறைவதற்கு இன்னும் 12 வாரங்கள் எஞ்சி நிற்கின்றன. ஆயாக் கொட்டகையில் புட்டிப்பால் இடம் பிடிப்பது பெரும்பாலும் இந்த 12 வாரங்களில்தான். 2016ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் 47.1 விழுக்காட்டினர் மட்டுமே தாய்ப்பாலை மட்டும் அருந்தி வளர்ந்தனர்.

புட்டிப்பாலின் வரலாறு நம் வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் 1936ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தாதியரைப் போல் உடையணிந்த பெண்களை அனுப்பி, இனிப்பூட்டிய டின்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடானது எனக் கூறி விற்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. டின்பாலை மட்டும் குடித்து மெலிந்து மடிந்த குழந்தைகளைத் தம் கண்களால் கண்ட அவர், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரைக்குப் ‘பாலும் கொலையும்’ எனத் தலைப்பிட்டார். அத்தகைய விளம்பரத்தால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவர் வாதம். பின்னர் ஜப்பானியர் காலத்தில் அவர் சாங்கியில் சிறைவைக்கப்பட்டார். அங்குப் பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் அருந்தி உயிர் பிழைத்ததாக அவர் பதிவு செய்துள்ளார். உண்ணவே போதிய உணவில்லாத சிறையில் தாய்மார்களுக்குப் பால் சுரந்தது என்பதை, ‘எனக்குப் பால் போதாது’ என்று கவலையுறும் சகோதரிகள் எண்ணிப் பார்த்தல் நலம்.

குழந்தைப் பால்மாவு விற்பனைக்கான நெறிமுறையை நமது அரசாங்கம் 1979ஆம் ஆண்டிலேயே வகுத்தது. இதே நோக்கிலான அனைத்துலக நெறிமுறையை உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது 1981ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். 1998இல் அரசாங்க மருத்துவமனைகள் அனைத்தும் ‘குழந்தை நேய’ மருத்துவமனைகளாக அறிவிக்கப்பட்டன. அந்நிலையை எட்டிய மூன்றாவது நாடு என மலேசியா உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டைப் பெற்றது. ஆயினும், மருத்துவமனையில் தொடங்கும் நற்பழக்கம் லயத்து வீட்டிலும் ஆயாக் கொட்டகையிலும் நிலைத்து நின்றால்தான் குழந்தைக்குப் பயன் உண்டு.

இனி, பால் எவ்வாறு சுரக்கிறது எனக் காண்போம். குழந்தை சப்பும்போதோ கையால் பீய்ச்சும்போதோ மூளையிலிருந்து இரண்டு சுரப்பு நீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன. புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோசின் என்பது உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. மார்பில் பால் தேங்கி நின்றால், ‘போதும், இனிச் சுரக்க வேண்டா’ என்னும் செய்தி தானாகவே எழுந்து சுரப்புக் குறைகிறது. மார்பு காலியானால் சுரப்புப் பெருகுகிறது.

நம் பால்மரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது என்பதைத் தொழிலாளர்கள் நன்கு உணர்வார்கள். மரத்தை நாள்தவறாமல் வெட்டினால் பட்டை வறண்டு போகும். நாள் விட்டு நாள் வெட்டி ஓய்வு கொடுத்தால்தான் பால் நிறையும். மார்புக்கு ஓய்வு கொடுத்தால் பால் வற்றும். ‘இன்று எடுக்காமல் விட்டால் நாளைக்கு அதிகம் இருக்கும்’ என்று ஒரு தாய் எண்ணுவது பெருந்தவறாகும்.

குழந்தை மார்பில் வாய் வைக்காத நிலையில், பீய்ச்சிய பாலை மட்டுமே கொடுத்து வளர்க்க விரும்பும் தாய் பிரசவம் ஆன முதல் சில மணி நேரத்திலேயே பீய்ச்சத் தொடங்க வேண்டும். முதல் நாள் சில துளிகளே வரும். அதுவே சீம்பால். மஞ்சள் நிறமாக இருப்பதைக் கண்டு அதனை வீணாக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. நோய் எதிர்ப்பாற்றல் மிகுந்த அத்துளிகளை ஒரு சிறு கரண்டியில் சேர்த்தாவது கொடுத்துவிட வேண்டும். அதற்கு மாற்றாகத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்தல் கூடாது. குறிப்பாக, தேன் ஓராண்டு நிறையாத குழந்தைக்கு ஆபத்தானது.

தொடக்க வாரங்களில் இரவும் பகலுமாக ஒரு நாளில் 8 தடவைக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் ஒரு தடவை எடுப்பது இன்றியமையாதது. புரோலாக்டின் மிகுந்து சுரப்பது அந்நேரத்தில்தான். இரண்டாம் வார இறுதியில் ஒரு நாளைக்கு 500 மில்லிலிட்டருக்குமேல் கிடைத்தால் நல்ல தொடக்கம் எனலாம். இது எளிய வேலையன்று என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். பால் எடுப்பது, ஊட்டுவது, பாத்திரம் கழுவிக் கொதிக்க வைப்பது என ஒரு வேலை மூன்றாகப் பெருகுகிறது. கணவரும் மாமியாரும் பாத்திரங்களைக் கழுவும் பொறுப்பையாவது ஏற்றுக்கொண்டால் அந்தத் தாய்க்கு இரவில் ஒரு மணி நேரமாவது உறக்கம் மிஞ்சும்.

கையால் எடுக்கும் முறையை ஒவ்வொரு தாயும் கற்றிருத்தல் அவசியம். கைகளைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவ வேண்டும். பெருவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழுமாக, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். முதலில் விரல்களை மார்புக் கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு ஒன்றையொன்று நோக்கி நெருக்கி விட வேண்டும். அழுத்தி, நெருக்கி, தளர்த்தி என ஒரே சீராகச் செய்து வந்தால் சிறிது நேரத்தில் பால் பீறிடும். காம்பைப் பிடித்து இழுப்பதும் விரலைத் தோலின்மீது தேய்ப்பதும் வேண்டா, வலிதான் மிஞ்சும். ஒழுக்குக் குறைந்ததும் விரல்களை வேறிடத்துக்கு மாற்றி, இரு மார்பிலும் மாறி மாறி எடுக்கலாம். வெந்நீரில் நனைத்த துணியால் முன்கூட்டி ஒற்றடம் கொடுப்பதும், குழந்தையின் சட்டையை முகர்ந்து பார்ப்பதும்கூடப் பால் இறங்க உதவும். இது கட்டுக்கதையன்று, ஆக்ஸிடோசின் தாயின் மனநிலைக்குக் கட்டுப்பட்ட சுரப்பாகும்.

கைப்பம்பும் மின்பம்பும் கடைகளில் கிடைக்கின்றன. நாள்தோறும் எட்டுத் தடவை எடுக்க வேண்டிய தாய்க்கு மின்பம்பு நேரத்தை மிச்சப்படுத்தும். மார்பில் பொருந்தும் கூம்பு சரியான அளவில் இருத்தல் வேண்டும். சிறியதாயின் காம்பு புண்ணாகும். அண்டை வீட்டாரின் பம்பை இரவல் வாங்குவதைத் தவிர்ப்பதே நலம். பால் உட்குழாயினுள் சென்றிருந்தால் அதனை முழுமையாகச் சுத்தம் செய்ய இயலாது.

வேலைக்குத் திரும்பும் தாய் எவ்வளவு பால் வைத்துச் செல்ல வேண்டும்? ஒன்று முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லிலிட்டர் அருந்துகிறது. எட்டு மணி நேரம் தாய் வெளியே இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் போதும். மூன்று சிறு கலங்களில் பிரித்து வைத்துவிடலாம். பெரிய புட்டி நிறைய வைத்தால்தான் ஆயாவுக்கு நிம்மதி என்பதில்லை. குழந்தை குடித்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க முடியாது என்பதால் வீணே கொட்ட நேரும்.

காலையில் புறப்படுமுன் ஒரு முறை எடுத்துவிட வேண்டும். அடுத்த வாய்ப்பு, மரங்களை வெட்டி முடித்துப் பால் வடிவதற்காகக் காத்திருந்து பசியாறும் நேரமாகும். அந்த இடைவேளை நம் தொழிலிலேயே அமைந்துள்ள ஒரு வசதி. கையில் ஒட்டிய ரப்பர் பாலை உரித்தெடுத்து, கையோடு கொண்டுசென்ற தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் கழுவிய பிறகே பீய்ச்ச வேண்டும். மருந்து தெளிக்கும் வேலை செய்பவர்கள் மேற்சட்டையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மறைவான ஓரிடத்தையும் கால் மணி நேரத்தையும் பற்றிக் கங்காணியிடமோ கிராணியிடமோ முன்கூட்டியே பேசி வைப்பதில் வெட்கம் எதுவுமில்லை. எடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொண்டு, மார்பு சிவந்து, காய்ச்சல் வரக்கூடும். அதன்பின் தோட்டத்துக்கும் ஓர் ஆள் குறையும்.

நம் நாட்டு வெயிலில் பீய்ச்சிய பால் வெளியே நான்கு மணி நேரத்துக்குமேல் தாங்காது. உறைந்த பனிக்கட்டிப் பைகளுடன் மூடிய பெட்டியில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியின் உட்புறத்தில் நான்கு நாள்கள் இருக்கும். கதவுப் பகுதியில் வைத்தல் கூடாது. பெட்டிக்குள்ளேயே அமைந்த உறைபனி அறையில் இரண்டு வாரமும், தனிக்கதவுள்ள உறைபனிப் பெட்டியில் ஆறு மாதமும் வைக்கலாம். ஒவ்வொரு கலத்தின்மீதும் நாளும் நேரமும் எழுதி ஒட்டி, முன்னர் எடுத்ததை முன்னர் கொடுக்க வேண்டும். உருகியதை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மீண்டும் உறைய வைத்தலாகாது.

ஆயாக் கொட்டகையில் பொறுப்பேற்றுள்ள அம்மாமார்களுக்கும் ஒரு சொல். எடுத்து வைத்த பாலில் ஆடை பிரிந்து மேலே மிதப்பது இயல்பு, கெட்டுப்போனதன் அறிகுறியன்று. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அதனை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சவே கூடாது. கலத்தை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தி வைத்தாலே போதும். புட்டியும் ரப்பர்க் காம்பும் இல்லாமலும் ஊட்டலாம். நம் பாட்டிமார் கையாண்ட சங்கும் பாலாடையும் இன்று இந்திய மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஊட்டப் பயன்படுகின்றன. கழுவுவதற்கு எளிது, புட்டியின் மூலைகளில் தங்குவது போல அழுக்கு அதில் தங்காது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பை உதட்டில் வைத்தால் அது தானே உறிஞ்சிக் கொள்ளும். வாய்க்குள் ஊற்றுவது ஆபத்து.

வெயிலில் நின்று திரும்பிய தாயின் பால் ‘சூட்டுப் பால்’ என்று கருதி, முதற்பாலைத் தரையில் பீய்ச்சி விடும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. மார்பிலுள்ள பால் வெயிலாலோ நேரத்தாலோ கெடுவதில்லை. குழந்தை மார்பருந்துமாயின், வீடு திரும்பியதும் முகம் கை கழுவி உடனே கொடுக்கலாம். அவ்வாறு நேரடியாகக் கொடுப்பதே சுரப்பைக் காக்கும் சிறந்த வழியுமாகும்.

குறைமாதக் குழந்தையை 42 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜொகூர் பாரு மருத்துவமனையில் விட்டுவிட்டுத் தாய் மட்டும் வீடு திரும்ப நேரும்போது, பனிக்கட்டிப் பெட்டியில் தந்தை கொண்டு செல்லும் பால் மருந்தினும் மேலானது. குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் கொடிய நோயொன்றை அது பெரிதும் தடுக்கிறது. கலங்களை எவ்வாறு கொண்டுவர வேண்டும் என்பதை அவ்விடத்துத் தாதியரிடம் கேட்டறிய வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றியும் கூறாமல் விட இயலாது. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரம் அடுத்தடுத்து இருமுறை நீரில் மூழ்கியதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். நிவாரண மையத்தில் சுத்தமான தண்ணீரும் அடுப்பும் கிடைக்குமுன் பால்மாவைக் கலக்க நேர்ந்தால் வயிற்றுப்போக்குக்கு அதுவே வாயிலாகும். மின்சாரம் நின்றால் மின்பம்பும் நின்றுவிடும். கையால் எடுக்கத் தெரிந்த தாய்க்கு அக்கவலை இல்லை. எடுத்த பாலைக் கொதிக்க வைத்த கிண்ணத்தில் பிடித்து அப்போதே ஊட்டிவிடலாம். உறைபனிப் பெட்டியிலிருந்த பால் உருகத் தொடங்கியிருப்பினும், அதில் பனித்துகள்கள் எஞ்சியிருந்தால் மின்சாரம் வந்ததும் மீண்டும் உறைய வைக்கலாம். முன்பு கூறிய விதிக்கு இஃதொன்றே விலக்கு. ஆகவே, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெட்டியைத் தேவையின்றித் திறக்காதிருத்தல் நல்லது.

எல்லா முயற்சிக்கும் பின்னரும் பால் போதாத தாய்மார்கள் சிலர் உண்டு. சில நோய்களுக்கும் மருந்துகளுக்கும் உட்பட்டவர்கள் தாய்ப்பால் கொடுக்கலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அத்தகையோர் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. மருத்துவர் கூறும் பால்மாவை, டின்னில் குறித்துள்ள அளவுப்படியே கலந்து கொடுக்கலாம். மாவை மிச்சப்படுத்தத் தண்ணீரைக் கூட்டினால் குழந்தை மெலியும். இனிப்பூட்டிய டின்பால் தேநீருக்கு மட்டுமே உரியது.

குழந்தை போதிய பால் பெறுகிறதா என்பதை அழுகையைக் கொண்டு முடிவு செய்தல் சரியன்று. முதல் வாரம் கழிந்தபின் ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிப்பதும், மருந்தகத் தராசில் எடை ஏறுவதுமே நம்பத்தக்க அடையாளங்கள். ஐயம் எழும்போது வட்டார அரசாங்க மருந்தகத்தின் தாய்சேய் நலப் பிரிவிலோ கோத்தா திங்கி மருத்துவமனையிலோ தாதியரிடம் காட்டி, கையால் பீய்ச்சும் முறையை நேரில் கற்றுக்கொள்ளலாம். பிரசவத்துக்கு முந்திய பரிசோதனைக்குச் செல்லும்போதே கேட்டுவிடுவது இன்னும் வசதி. ஆறு மாதம் நிறைந்து கஞ்சியும் மசித்த பழமும் தொடங்கிய பிறகும், இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். நிறுத்த விரும்பும் தாய் ஒரேயடியாக விட்டுவிடாமல், சில நாள்களுக்கு ஒரு வேளை வீதம் எடுப்பதைக் குறைத்து வந்தால் பால் கட்டிக்கொள்ளாது.