தட்டொலி கேட்கும் செவி

1912-ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள், தஞ்சைக்கும் அந்நாளிற் சமஸ்தானத் தலைநகராயிருந்த புதுக்கோட்டைக்கும் இடையே மோட்டார் பஸ் நடத்தத் தொடங்கினார். அக்காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில் மின்பொறியை முந்தவும் பிந்தவும் செய்யும் சிறு நெம்புகோல் ஒன்று ஓட்டுநர் கையெட்டும் இடத்தில் இருந்தது. மேடேறுங்கால் யந்திரத்துள் 'டக டக'வென்று ஓசை எழுமாயின், ஓட்டுநர் அதனைச் செவியாற் கேட்டு, நெம்புகோலால் மின்பொறியைச் சற்றே தாமதிப்பர். இக்காலத்துப் பெட்ரோல் கார்களில் அவர் செவியின் வேலையைச் செய்வது 'நாக் சென்சார்' என்னுஞ் சிறு கருவி.

அவ்வோசை யாது? ஸ்பார்க் பிளக்கினின்று எழுந்த தீ, சிலிண்டரினுள் ஒழுங்காகப் பரவுதலே முறை. அது சென்று சேருமுன், எஞ்சிய ஆவி அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே ஒருங்கு பற்றி வெடிக்குமாயின், அவ்வதிர்ச்சி உலோகச் சுவரைத் தாக்கும். இதனையே மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பர். கடுமையாய் நெடிது தொடரின் பிஸ்டன் உடைதலும் உண்டு.

சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்குமென்று 1880-இல் பிரான்சு தேசத்து ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர் கண்டனர். அத்தன்மை வாய்ந்த பீங்கான் வில்லையே சென்சாரின் உயிர். அது யந்திரத்தின் உடலோடு போல்ட்டினால் இறுக்கப்பட்டிருக்கும். கார் யந்திரங்களில் தட்டொலி பெரும்பாலும் வினாடிக்கு 6,000 முதல் 8,000 வரையான அதிர்வுடையது. கம்ப்யூட்டர் அவ்வதிர்வை மட்டும், அதுவும் தீ எரியும் வேளையில் மட்டும், பிரித்துணர்ந்து மின்பொறியைச் சில பாகை பிந்தச் செய்யும். ஓசை அடங்கியபின் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொணரும்.

நிற்க. எச்சரிக்கை விளக்கெரிந்து, ஸ்கேனரில் 'பி 0325' என்று தோன்றிய அக்கணமே புதுச் சென்சார் வாங்கிப் பூட்டுவோர் உளர். அக்குறி சென்சாரின் மின்வழியிற் குறையுளதெனக் கூறுமேயன்றி, சென்சாரே கெட்டதெனக் கூறாது. எலி கடித்த வயரும், நீர் புகுந்து பச்சை பூத்த கனெக்டரும் அக்குறியைத் தரும். போல்ட் தளர்ந்தாலும், அடியில் துருப்பிடித்தாலும் அச்செவி மந்தமாகும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினும் கெடும். பல வகைகளுக்கு 20 நியூட்டன்-மீட்டரளவே விதியாதலின் டார்க் ரெஞ்சு இன்றியமையாதது.

ஐயமுண்டாயின், யந்திரத்தை நிறுத்தி, சென்சாரின் முனைகளில் மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, அருகிலுள்ள இரும்பைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுக, சென்சாரையே தட்டலாகாது. எண் துள்ளுமாயின் செவிக்கு உயிருளது.

குறியெதுவுமின்றி மேட்டில் இழுவை மட்டுங் குறையின், செவி சரியாகவே கேட்கின்றது போலும். சிலிண்டரிற் படிந்த கரி, மிகுந்த சூடு, தரங்குறைந்த பெட்ரோல் இவற்றுள் ஒன்று மெய்யாகவே தட்டொலியை எழுப்பியிருக்கலாம். அப்பொழுது சென்சாரை மாற்றுதல், கூவியெழுப்பிய காவற்காரனை வேலையினின்று நீக்குதல் போலாம். டாப்பெட் ஓசையும், தளர்ந்த தகட்டின் அதிர்வும் இக்கருவியை மயக்குவதுண்டு. செலவில்லாத வேலையாதலின், தளர்ந்தவற்றை முதலில் முடுக்கிப் பார்க்கலாம்.