எந்த டை நல்ல டை?

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாக வைத்திருக்கும் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடுவதில்லை. பொறுக்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சுத்தம் செய்து, புதிய ப்ரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். இந்தியாவில் 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அதனால் நம்மில் பெரும்பாலோருக்கு இது படித்துத் தெரிந்துகொள்ளும் சமாச்சாரம் மட்டுமே. எனக்கு இதில் ஆர்வம் வந்தது துப்பாக்கியால் அல்ல, அளவையால். ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முதலில் டை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ரைபிள் தோட்டாவின் கூடு ஒரு சின்ன பாட்டில் மாதிரி இருக்கும். அகலமான உடம்பு, சரிந்து இறங்கும் தோள், குறுகிய கழுத்து. கழுத்தில்தான் குண்டு சொருகியிருக்கும். குழலின் பின்பக்கம் தோட்டா போய் உட்காரும் குழிக்கு சேம்பர் என்று பெயர். தோட்டா சுலபமாக உள்ளே போகவேண்டும் என்பதற்காக சேம்பர் எப்போதும் தோட்டாவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். சுடும்போது உள்ளே உண்டாகும் அழுத்தத்தில் (.308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிர்ணயத்தின் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு) பித்தளை உப்பிப்போய் சேம்பர் சுவரில் அப்பிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் ஒரு துளி சுருங்குகிறது, அவ்வளவுதான். ஆக, சுட்ட கூடு என்பது அந்தத் துப்பாக்கியின் சேம்பரை வார்த்து எடுத்த அச்சு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உப்பிய கூட்டைப் பழைய அளவுக்குப் பிடித்து அமுக்குவது சைசிங் டை. குண்டை நேராக, சொன்ன ஆழத்துக்கு இறக்குவது சீட்டிங் டை. இரண்டும் எஃகு உருளைகள். வெளியே 7/8 அங்குலத்தில் அங்குலத்துக்கு 14 புரி மரை. ஏறக்குறைய எல்லாக் கம்பெனிக்கும் இதே மரைதான், அதனால் எவர் டையையும் எவர் ப்ரெஸ்ஸிலும் மாட்டலாம். லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி, ரெட்டிங், ஃபோர்ஸ்டர் என்று பல பெயர்கள். லீயின் சாதாரண செட்டுக்கும் ரெட்டிங்கின் போட்டி வகை செட்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். பல மடங்கு தரமும் கிடைக்குமா? எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான்.

பதிலுக்குக் கழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இங்கே பேச்செல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில்தான் நடக்கும். பட்டறை ஆட்கள் தௌ என்பார்கள். ஒரு தௌ என்றால் 0.0254 மில்லிமீட்டர்.

.308 குண்டின் விட்டம் 308 தௌ. கழுத்துச் சுவரின் கனம் 15 தௌ என்று வைத்துக்கொள்வோம். குண்டு சொருகியபின் கழுத்தின் வெளிவிட்டம் 308 + 15 + 15 = 338 தௌ. குண்டை இறுக்கிப் பிடிக்க, சொருகுவதற்கு முன் கழுத்து 2 தௌ சின்னதாக இருந்தால் போதும், அதாவது 336. சுட்ட கழுத்தின் வெளிவிட்டம் 344 என்றால் நமக்கு வேண்டியது 8 தௌ குறைப்பு.

ஆனால் சாதாரண டை அப்படிச் செய்வதில்லை. அதைச் செய்தவருக்கு உங்கள் கூட்டின் கனம் தெரியாது. ஒரு கம்பெனி கூட்டில் கழுத்து மெல்லிசு, இன்னொன்றில் தடிப்பு. எவ்வளவு மெல்லிய கழுத்தானாலும் பிடித்தாக வேண்டும் என்பதற்காக டையின் கழுத்துப் பகுதியை வேண்டியதைவிட இறுக்கமாகவே குடைந்துவிடுகிறார்கள். உதாரணத்துக்கு 330 வரை அமுக்கிவிடும் என்று வைப்போம். பிறகு கூட்டை வெளியே இழுக்கும்போது, உள்ளே கம்பியில் மாட்டியிருக்கும் எக்ஸ்பாண்டர் என்ற எஃகு உருண்டை கழுத்துக்குள் உரசிக்கொண்டு வந்து அதை 336க்கு விரிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. 14 தௌ உள்ளே, 6 தௌ வெளியே, மொத்தம் 20 தௌ நெளிப்பு. தேவைப்பட்டது வெறும் 8.

இதனால் இரண்டு கெடுதல். பித்தளையை நெளிக்க நெளிக்க அது இறுகும், கொஞ்ச நாளில் கழுத்தில் விரிசல் விடும். இரண்டாவது, உருண்டையை இழுக்கும்போது கழுத்து ஒருபக்கம் கோணிக்கொள்ளும். கோணலை அளக்கும் சொல் ரன் அவுட். கிரிக்கெட் ரன் அவுட் இல்லை, லேத் பட்டறையில் சொல்வார்களே அது. கூட்டை உருட்டிக்கொண்டே கழுத்தின்மேல் டயல் கேஜ் வைத்தால் முள் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும்.

இந்தச் சிக்கலை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி தீர்த்திருக்கிறது. ரெட்டிங் வகை டையில் கழுத்துப் பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். ஒவ்வொரு தௌக்கும் ஒரு புஷ் விற்கிறார்கள். 336 வேண்டுமா, 336 புஷ்ஷைப் போடு. உருண்டையே தேவையில்லை. ஆனால் உருண்டை இல்லாவிட்டால் கழுத்துக் கனத்தில் இருக்கும் ஏற்ற இறக்கம் எல்லாம் உள்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். கழுத்தின் அடிப்பகுதியில் கொஞ்ச தூரத்தை புஷ் தொடுவதும் இல்லை. ஃபோர்ஸ்டர் அந்த உருண்டையைக் கம்பியில் உயரத்தில் வைத்திருக்கிறது. கூட்டின் மீதிப் பகுதியை டை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து உருண்டையைத் தாண்டிவிடுவதால் கோணல் குறைவு. கேட்டால் கழுத்துப் பகுதியை நீங்கள் சொல்லும் அளவுக்குத் தேய்த்தும் தருகிறார்கள்.

லீயின் காலெட் டை எனக்குப் பிடித்த யோசனை. கழுத்துக்குள் நேரான ஒரு கம்பி இறங்குகிறது. வெளியிலிருந்து பிளவுபட்ட ஒரு வளையம் கழுத்தை அந்தக் கம்பியின்மேல் அழுத்துகிறது. இழுத்து உரசுவது என்பதே கிடையாது. கழுத்தின் உள்ளளவைத் தீர்மானிப்பது கம்பி, அதனால் கழுத்துக் கனம் எவ்வளவு என்பது அவ்வளவு முக்கியமில்லை. விலை குறைந்த பெட்டியில் வருகிற இது, கழுத்தை நேராக வைப்பதில் விலை உயர்ந்த பலவற்றோடு போட்டி போடும். குறை என்னவென்றால் உடம்பையும் தோளையும் இது தொடாது. சில தடவை சுட்டபின் கூடு சேம்பரில் இறுக ஆரம்பிக்கும், அப்போது வேறொரு டை தேவைப்படும்.

கழுத்து குறி சம்பந்தப்பட்ட விஷயம். தோள் முகமும் கண்ணும் சம்பந்தப்பட்ட விஷயம்.

.308 சேம்பரில் தோட்டாவின் அடியிலிருந்து தோளில் குறித்த இடம் வரை உள்ள நீளம் 1.630 முதல் 1.640 அங்குலம் வரை இருக்கலாம் என்று தரநிர்ணயம் அனுமதிக்கிறது. உங்கள் துப்பாக்கி இந்த 10 தௌவுக்குள் எங்கேயோ இருக்கிறது. டை எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் கூட்டைத் தரவேண்டும், அதனால் அது சிறிய சேம்பரையே கணக்கில் வைத்திருக்கும். பெட்டியில் வரும் காகிதம், ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையைத் திருகு, அதற்கு மேல் கொஞ்சம் திருகு என்று சொல்லும். பெரிய சேம்பர் வைத்திருப்பவர் அப்படியே செய்தால் ஒவ்வொரு தடவையும் தோள் தேவையில்லாமல் பின்னால் போகும்.

அதனால் என்ன ஆகும்? சுடும்போது கூட்டின் முன்பகுதி சேம்பர் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அடிப்பகுதி பின்னால் தள்ளப்பட்டு போல்ட்டில் போய் முட்டும். இடையில் இருக்கும் பித்தளை இழுபடும். அடிப்பக்கம் கனமான பகுதி முடிந்து சுவர் மெலிய ஆரம்பிக்கும் இடத்தில், உள்பக்கம் ஒரு பள்ளம் வளையமாக விழும். அடுத்த சைசிங், அடுத்த சூடு, பள்ளம் இன்னும் ஆழம். ஒருநாள் கூடு அங்கேயே இரண்டாகப் பிரியும், கொதிக்கும் வாயு பின்பக்கமாக வரலாம். வெளியே பளபளப்பான ஒரு கோடு தெரிந்தால் அந்தக் கூடு குப்பைக்கு. வெளியே தெரியும் முன்பே கண்டுபிடிக்க, முனையை வளைத்துக் கூராக்கிய ஒரு கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள், பள்ளம் இருந்தால் தட்டுப்படும்.

போல்ட் ரைபிளுக்குத் தோளை 1 அல்லது 2 தௌ பின்தள்ளினால் போதும் என்பது பொதுவான நடைமுறை. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைக்கு 3 அல்லது 4. இதை அளக்க வெர்னியரில் மாட்டும் கம்பேரேட்டர் என்ற சின்ன துண்டு போதும். சுட்ட கூட்டை அள, டையில் விட்டபின் அள, கழித்துப் பார். எல்லாம் சரியாகத் திருகியும் தோள் நகரவே இல்லை என்றால், அந்த டையும் அந்த சேம்பரும் ஒத்துவராத ஜோடி. டை எவ்வளவு விலையாக இருந்தாலும் சரி.

இந்த டை நல்லதா என்று மொட்டையாகக் கேட்பது, இந்தச் செருப்பு நல்லதா என்று கேட்கிற மாதிரி. யார் காலுக்கு?

சரி, அப்படியானால் ஒப்பிடவே முடியாதா? முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே லாட், ஒரே துப்பாக்கியில் ஒரே எண்ணிக்கை தடவை சுட்ட கூடுகளை எடுத்துக்கொண்டு, டைக்கு இருபதாவது ஒதுக்கவேண்டும். ப்ரெஸ், ஷெல் ஹோல்டர், எண்ணெய் எல்லாம் ஒன்றே. பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ரன் அவுட் பார்க்கவேண்டும். சுட்ட உடனே எவ்வளவு, உருண்டையைக் கழற்றிவிட்டு சைஸ் செய்தபின் எவ்வளவு, உருண்டையோடு எவ்வளவு, குண்டு சொருகியபின் எவ்வளவு. இப்படிப் பிரித்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். உருண்டை இல்லாமல் நேராக வரும் கூடு உருண்டையோடு கோணினால், டையின் உடம்பு நல்லது, உருண்டைதான் கெடுக்கிறது. உருண்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தனியாக ஒரு மாண்ட்ரல் வாங்கினால் தீர்ந்தது. புது செட் வாங்கவேண்டியதில்லை. சுட்ட உடனேயே கோணல் இருந்தால் டையைத் திட்டுவதில் அர்த்தமில்லை, சேம்பரையும் கூட்டின் கனத்தையும் பார்க்கவேண்டும்.

பலர் இதைச் செய்யாமல் இலக்குத் தாளில் ஐந்து ஐந்தாகச் சுட்டு, எந்த டையின் தோட்டா நெருக்கமாக விழுந்தது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். ஒரே தோட்டாவை ஒரே துப்பாக்கியில் ஐந்தைந்தாக நாலு தடவை சுட்டாலே நாலு வேறு அளவு வரும். ஒன்றிரண்டு தௌ கோணலின் பாதிப்பை அந்தச் சலசலப்பில் தேடுவது, மீன் மார்க்கெட்டில் கிசுகிசு கேட்கிற கதை.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரிது. லீயில் ஒன்று, ரெட்டிங்கில் ஒன்று, ஃபோர்ஸ்டரில் ஒன்று வாங்கி ஒப்பிட்டால், ஒப்பிட்டது மூன்று டைகளை, மூன்று கம்பெனிகளை அல்ல. டையைக் குடையும் ரீமர் தேயும், தீட்டுவார்கள், மறுபடி தேயும். புது ரீமர் வெட்டிய டை கொஞ்சம் பெரிதாகவும் தேய்ந்த ரீமர் வெட்டியது கொஞ்சம் சின்னதாகவும் இருக்கும். ஒரே பெயர் போட்ட இரண்டு பெட்டிக்குள் இரண்டு வேறு அளவு இருக்க முடியும். அதனால்தான் ஒருவருக்கு அற்புதமாக வேலை செய்த டை இன்னொருவருக்குத் தகராறு செய்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

சீட்டிங் டை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோர்ஸ்டர், ரெட்டிங் இரண்டின் உயர்ந்த வகையிலும், குண்டு இறங்கும் முன்பே கூட்டையும் குண்டையும் நேர்க்கோட்டில் பிடிக்கும் நழுவும் குழாய் உண்டு, மேலே மைக்ரோமீட்டர் தலை. வசதிதான். ஆனால் சைசிங்கில் கோணிய கழுத்தை எந்த சீட்டிங் டையும் நிமிர்த்தித் தராது. குண்டின் மூக்கில் வளையமாகக் கீறல் விழுந்தால் அழுத்தும் தண்டு அந்தக் குண்டின் வடிவத்துக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அதை மட்டும் மாற்றினால் போதும். கார்பைட் டை விஷயத்திலும் ஒரு வார்த்தை. கைத்துப்பாக்கியின் நேரான கூட்டுக்கு அதில் எண்ணெய் வேண்டாம், ஆனால் கழுத்துள்ள ரைபிள் கூட்டுக்கு கார்பைட்டிலும் எண்ணெய் போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் கூடு உள்ளே சிக்கிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் செலவின் வரிசை இப்படி இருக்கவேண்டும்: முதலில் கம்பேரேட்டர், அப்புறம் ரன் அவுட் பார்க்கும் கேஜ், அதற்கப்புறம்தான் விலையுயர்ந்த டை. அளவு இல்லாமல் வாங்கிய நல்ல டையும் தோளை 6 தௌ தள்ளிக்கொண்டுதான் இருக்கும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு வழி இருக்கிறது. சில தடவை சுட்ட கூடுகளை அனுப்பினால், அதை அளந்து அந்த சேம்பருக்கென்றே டை வெட்டித் தரும் கம்பெனிகள் அமெரிக்காவில் உண்டு. சுட்ட கூடு சேம்பரின் அச்சு என்று மேலே சொன்னது இங்கேதான் பயன்படுகிறது. காசு அதிகம், காத்திருக்கவும் வேண்டும். குழல் தேய்ந்து புதுக்குழல் போடும்போது வேறு ரீமரால் சேம்பர் வெட்டினால் அந்த டை பொருந்தாமல் போகலாம். அதனால் போட்டியில் சுடுகிறவர்களில் சிலர் ரீமரையே சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதுக்குழலோடும் அதையும் சேர்த்துப் பட்டறைக்குக் கொடுத்தனுப்புகிறார்கள்.